கையெழுத்து போட்டாச்சுல்ல?

படூரில் நான் குடியிருக்கும் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் நாலு டவர் கிரேன் தெரியும். சிறுசேரி பக்கம் இரண்டு, கேளம்பாக்கம் பக்கம் இரண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஃப்ளட் லைட் போட்டு ஸ்லாப் கான்கிரீட் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் ஐ.டி.யில் இருக்கிறார். "எவ்ளோ வேகமா கட்றாங்க பாருங்க சார்" என்பார். நான் தலையாட்டுவேன். அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கேள்வி வேறு. அந்த சென்டரிங் மேஸ்திரிக்குப் போன மாசத்து பில் வந்திருக்குமா?

நான் காண்ட்ராக்ட் மேனேஜர். சொந்தக்காரர்களிடம் சொன்னால் "ஓ, காண்ட்ராக்ட் எடுத்து செய்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. கட்டுமான கம்பெனியில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்கு இரண்டு பக்கம் வேலை. மேலே ஓனர். டிராயிங் லேட்டாக வந்தாலோ டிசைன் மாறினாலோ, கூடுதல் நாளும் கூடுதல் பணமும் கேட்டு அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். கீழே சப் காண்ட்ராக்டர்கள். அவர்களுக்கு ஒர்க் ஆர்டர் தயாரிக்க வேண்டும். அவர்கள் கூடுதல் நாளோ பணமோ கேட்டால் முடியாது என்று எழுத வேண்டும். சைட்டில் வெயிலில் நிற்கிற எஞ்சினியர்கள் எங்களை 'லெட்டர் பார்ட்டி' என்று கிண்டல் செய்வார்கள். ஏ.சி.யில் உட்கார்ந்து கடிதம் எழுதி சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தக் கிண்டல் எனக்கு வலித்ததில்லை. நாங்கள் எழுதுவது வெறும் காகிதம் என்று அவர்களும் நம்புகிறார்களே, அதுதான் உறுத்தும்.

இந்தக் கட்டுரை என் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லப்படும் ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. "கையெழுத்து போட்டான்ல?"

*

சில வருஷங்களுக்கு முன்னால் ஓ.எம்.ஆரை ஒட்டி ஓர் அடுக்குமாடி வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். அதே கதை எந்தக் கம்பெனியிலும் நடக்கும் என்பதால் பெயர் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. சென்டரிங் வேலைக்குத் திருவண்ணாமலை பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். முப்பது பேர் கொண்ட கேங். பாதிப் பேர் அவர் ஊர்ப் பையன்கள், மச்சான் முறை, மருமகன் முறை.

பதினாலு பக்க ஒர்க் ஆர்டர், முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பில்லு எத்தனை நாள்ல வரும் சார்?"

"ஓனர்கிட்ட இருந்து வந்ததும் வந்துரும் மேஸ்திரி."

"சரி சார்."

அவருக்கு நான் சொன்னது உறுதிமொழி. எனக்கு அது பதினேழாவது ஷரத்து. மெயின் காண்ட்ராக்டருக்கு ஓனரிடமிருந்து பணம் வந்தால்தான் சப் காண்ட்ராக்டருக்குப் பணம். வரும்வரை அவர் கேட்கக் கூடாது, வட்டி கிடையாது, வேலையை நிறுத்தவும் கூடாது. சுருக்கமாக, 'எனக்கு வந்தால் உனக்கு'. நான் யோசித்து எழுதியது இல்லை. பழைய ஒர்க் ஆர்டரிலிருந்து காப்பி பேஸ்ட். அதை எழுதினவரும் எங்கிருந்தோ காப்பி அடித்திருப்பார்.

எட்டாவது மாடி போய்க்கொண்டிருக்கும்போது ஓனருக்கும் கம்பெனிக்கும் சண்டை. முகப்பு வேலையைப் பற்றிய சண்டை. சென்டரிங்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓனர் பணத்தை நிறுத்தினார். மேஸ்திரியின் மூன்று ரன்னிங் பில் நின்றது. பதினெட்டு லட்சம். அளந்தாயிற்று, எம்.பி. புக்கில் ஏற்றியாயிற்று, எஞ்சினியர் கையெழுத்தும் போட்டாயிற்று. வேலையில் குறை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அவர் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நான் ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "ஷரத்துல இருக்கு மேஸ்திரி. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

"போட்டேன் சார். நீங்க படிச்சவங்க, தப்பா எழுத மாட்டீங்கன்னு போட்டேன்."

குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ரெண்டு மாசம் ஊரில் நகை வைத்துக் கூலி கொடுத்தார். மூன்றாவது மாசம் பையன்களை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் வேறு கேங் போட்டோம். அவர்களுக்கு ரேட் அதிகம். அந்த வித்தியாசத்தை 'ரிஸ்க் அண்ட் காஸ்ட்' என்ற ஷரத்துப்படி பழைய மேஸ்திரி கணக்கில் பிடித்தோம். ரிடென்ஷன் பணத்தையும் சேர்த்துக் கழித்து, கடைசியில் அவருக்குக் கொடுக்க வேண்டியது நாலு லட்சம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் தயாரானது. தயாரித்தது நான். 'இனி எனக்கு எந்த பாக்கியும் இல்லை' என்ற நோ க்ளெய்ம் சர்டிபிகேட்டில் கையெழுத்து போட்டால்தான் அந்த நாலு லட்சம். போட்டார். என் ஜி.எம். சொன்னார்: "நல்லா க்ளோஸ் பண்ணிட்டப்பா."

அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் நன்றாக வந்தது.

*

இதை என் சக தொழில்காரர்களிடம் சொன்னால் மூன்று பதில் வரும். மூன்றும் நானே சொல்லிப் பழகியவைதான்.

முதல் பதில்: படிக்காமல் கையெழுத்து போட்டது அவர் தப்பு. சரி, படித்திருந்தால்? "பதினேழாவது ஷரத்தை எடுங்க சார்" என்று அவர் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடுத்த மேஸ்திரியைக் கூப்பிட்டிருப்போம். பேரம் பேச வழியே இல்லாத இடத்தில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டா ஏறுகிறோம்?

இரண்டாவது பதில்: மெயின் காண்ட்ராக்டரே கஷ்டத்தில் இருக்கிறார், ஓனர் தராமல் அவர் எங்கே போவார்? இதில் உண்மை இருக்கிறது. ஓனர்கள், அதிலும் அரசுத் துறைகள், பில்லை இழுப்பது ஊருக்கே தெரியும். ஆனால் மெயின் காண்ட்ராக்டருக்கு பேங்க் லிமிட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், ஆர்பிட்ரேஷன் இருக்கிறது, என்னைப் போல ஒரு 'லெட்டர் பார்ட்டி' இருக்கிறான். ஓனரைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். மேஸ்திரி அந்த ஓனரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஓனர் பணம் தருவாரா மாட்டாரா என்ற ரிஸ்க்கைத் தூக்கி அவர் தலையில் வைக்க என்ன நியாயம்?

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த மாக்ஸ் ஆப்ரஹாம்சன் என்ற கட்டுமான வழக்கறிஞரின் பெயரால் சொல்வார்கள். ஒரு ரிஸ்க்கை யாரால் கட்டுப்படுத்த முடியுமோ அவரிடம்தான் அது இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அதற்கு நேர் எதிரானதைக் கற்றுக்கொள்வோம். ரிஸ்க்கை யாரால் மறுக்க முடியாதோ அவரிடம் தள்ளு. அதற்கு 'பேக் டு பேக்' என்று ஒரு மரியாதையான பெயர். ஓனர் நம்மேல் போட்ட நிபந்தனையை எல்லாம் அப்படியே கீழே இருப்பவர் மேல் போடுவது. லாபத்தை மட்டும் யாரும் பேக் டு பேக்காகக் கொடுப்பதில்லை.

மூன்றாவது பதில்: இது பிசினஸ். இந்தப் பதிலைச் சும்மா விட முடியாது. சட்டமே இந்த வார்த்தையில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது.

*

கொஞ்சம் சட்டம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும். நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. கொள்கை இருக்கிறது.

வீடு வாங்குகிறவருக்கும் இருக்கிறது. 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2019-இல் பயனீர் அர்பன் வழக்கில், பில்டர் எழுதிக்கொண்டு வந்த ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்து போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை என்பது கோர்ட்டுக்கே புரிந்தது. 'கையெழுத்து போட்டான்ல' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பெரிய காண்ட்ராக்டருக்கும் இருக்கிறது. ஆர்பிட்ரேஷனில் ஜெயித்த பணத்தை அரசு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தி வைக்கின்றன என்று புகார் வந்தபோது, 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. மேல்வழக்கு இருந்தாலும், பேங்க் கேரண்டி வாங்கிக்கொண்டு 75 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும். கட்டுமானத் துறை பணமில்லாமல் திணறுகிறது என்பதுதான் காரணம்.

மேலே இருப்பவருக்கு ஒரு வழி, கீழே இருப்பவருக்கு ஒரு வழி, வாங்குகிறவருக்கு ஒரு வழி. நடுவில் இருக்கிற மேஸ்திரிக்கு?

அவர் தொழிலாளி இல்லை, முப்பது பேருக்கு முதலாளி. அவர் நுகர்வோர் இல்லை. 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் பலத்தில் சமமில்லாத இருவருக்கு நடுவே திணிக்கப்படும் நியாயமற்ற ஷரத்து செல்லாது என்று சொன்னது. பெரிய தீர்ப்பு. ஆனால் இரு தரப்பும் வியாபாரிகளாக இருந்து போடும் வணிக ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாமல் போகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வக்கீல்கள் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். பனியன் போட்டு, முழங்காலில் சிமெண்ட் பால் காய்ந்து நிற்கிற மனிதர், அந்த ஒரு வரியால் 'வியாபாரி' ஆகிவிடுகிறார்.

2006-இன் சிறு குறு நிறுவனச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒர்க்ஸ் காண்ட்ராக்ட் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. ஜி.எஸ்.டி.க்கு மட்டும் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மேஸ்திரி பில் போட்டால் வரியைக் கட்டியாக வேண்டும். பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதை போர்ட்டல் கேட்காது.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. 1996-இல் பிரிட்டன், ஓனர் திவாலான சந்தர்ப்பத்தைத் தவிர, 'எனக்கு வந்தால் உனக்கு' ஷரத்து செல்லாது என்று சட்டம் போட்டது. 2004-இல் சிங்கப்பூர். 2012-இல் மலேசியா. தஞ்சாவூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் போய் சிங்கப்பூர் சைட்டில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு மேலே இருக்கிற சப் காண்ட்ராக்டர், பில்லுக்குப் பதில் வராவிட்டால் தீர்ப்பாளரிடம் போகலாம். வாரக்கணக்கில் முடிவு வரும். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே இருப்பது பதினேழாவது ஷரத்து.

*

"சரி, ஒரு மேஸ்திரிக்கு நஷ்டம். இதுல எங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அந்த ஸ்லாபுக்குக் கீழேதான் தூங்குகிறீர்கள். அது போதாதா?

கான்கிரீட் போட்டதும் ஸ்லாப் தானாக நிற்காது. கீழே முட்டு நிற்க வேண்டும். எத்தனை நாள் என்பதை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. சாதாரண சிமெண்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள். அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாள். டிராயிங்கில் எஞ்சினியர் எழுதியிருப்பார். ஒர்க் ஆர்டரில் நானும் எழுதியிருப்பேன்.

இப்போது மூன்று மாசமாகப் பணம் வராத மேஸ்திரியை யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த ஜாக்கி, சீட், ஸ்பான். ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது. இன்னொரு செட் எடுக்கக் காசு இல்லை. மேல் மாடி ஆரம்பித்தால்தான் அடுத்த பில். லேட்டானால் நாங்கள் டேமேஜ் பிடிப்போம். அதுவும் ஷரத்தில் இருக்கிறது. ஒன்பதாம் நாள் ராத்திரி அவர் முட்டைப் பிரித்தால் குற்றவாளி யார்? ஃபைலைப் பார்த்தால் அவர்தான். ஷரத்தில் பதினாலு நாள் என்று இருக்கிறது, கையெழுத்து போட்டிருக்கிறார்.

காகிதத்தில் நாங்கள் கீழே தள்ளும் ரிஸ்க் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பணம் கிடைக்காதவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? முட்டில், க்யூரிங் தண்ணீரில், சாரத்தில், பாதுகாப்பு பெல்ட்டில். வேறு எதுவும் அவர் கையில் இல்லை.

2014 ஜூன் 28. போரூர் பக்கத்து மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழை பெய்த ஒரு மாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்துப்போனார்கள். ஆந்திரா, ஒடிசா, நம் ஊர் ஆட்கள். அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்ததை டி.வி.யில் நேரலையாகப் பார்த்தோம். மௌலிவாக்கம் என் பதினேழாவது ஷரத்தால் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. நீதிபதி ரெகுபதி ஆணையம் அதை விசாரித்தது. எனக்கு மறக்காதது அதன் கிழமை. அது சனிக்கிழமை. சைட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், சனிக்கிழமை என்றால் கூலி நாள். அந்தக் கட்டடத்தைப் பற்றி யார் யாரோ எத்தனையோ காகிதங்களில் கையெழுத்து போட்டிருப்பார்கள். செத்த 61 பேரில் அதில் ஒரு பக்கத்தையாவது பார்த்தவர் இருந்திருப்பாரா?

*

படூரிலிருந்து இதே ஓ.எம்.ஆரில் தெற்கே போனால் சாலை முடிகிற இடம் பூஞ்சேரி. மாமல்லபுரத்துக்கு வருகிற கூட்டம் அங்கே நிற்பதில்லை. அங்கே ஒரு பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். குணமல்லன். கொல்லன் சேமகன். இன்னும் சிலர். உளியைத் தீட்டிக் கொடுத்த கொல்லனுக்கும் பாறையில் இடம் இருந்திருக்கிறது. பல்லவர் காலம் பொற்காலம் என்று நான் நம்பவில்லை. கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் வேலை செய்தவனுக்குப் பெயர் இருந்தது. நான் இத்தனை வருஷத்தில் ஓனருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு மேஸ்திரியின் பெயரைக்கூட எழுதியதில்லை. 'அவர் லேபர் ஏஜென்சி' என்றுதான் எழுதுவோம்.

அடுத்த வேலையில் ஒர்க் ஆர்டர் தயாரிக்கும்போது நான் பதினேழாவது ஷரத்தை மாற்றி எழுதினேன். அளந்து கையெழுத்தான பில்லுக்கு, ஓனர் தந்தாலும் தராவிட்டாலும், 30 நாளில் பணம். ஜி.எம். பார்த்தார். "என்னப்பா, நம்ம கம்பெனி ஆளா, மேஸ்திரி ஆளா?" சிவப்பு பேனாவால் அடித்தார். பழையதை ஒட்டிக் கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். விடவில்லை. வீட்டு லோன் இருக்கிறது. இந்த வீட்டையும் ஏதோ ஒரு மேஸ்திரிதான் கட்டியிருப்பார். அவர் பில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

எனவே இதை ஒரு தனி ஆளின் மனசாட்சியிடம் விட முடியாது. மனசாட்சி சிவப்பு பேனாவிடம் தோற்றுப்போகும். சட்டம் வேண்டும். 'எனக்கு வந்தால் உனக்கு' ஷரத்து செல்லாது என்று ஒரு வரி. அளவெடுத்த அன்றே எம்.பி. புக்கின் நகல் சப் காண்ட்ராக்டர் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. ஒர்க் ஆர்டர் அவர் படிக்கிற மொழியில், தமிழோ தெலுங்கோ ஒடியாவோ, இருந்தால்தான் கையெழுத்து செல்லும் என்று ஒரு வரி. பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தி வைக்கும் உரிமை என்று ஒரு வரி. நாலே வரி. பிரிட்டனும் சிங்கப்பூரும் பணத்துக்கான பாதியை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கின்றன. காப்பி பேஸ்ட் செய்ய எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். ஓ.எம்.ஆரில் ஃப்ளாட் பார்க்கப் போகும்போது நீச்சல் குளம் எங்கே, ஜிம் எங்கே என்று கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "சென்டரிங் மேஸ்திரிக்கு பில் எத்தனை நாள்ல குடுக்கறீங்க?" சேல்ஸ் பையனுக்கு பதில் தெரியாது. பரவாயில்லை, மேலே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பத்து பேர் கேட்டால் அந்தக் கேள்வி ஒருநாள் என்னைப் போன்ற ஒருத்தனின் மேஜைக்கு வரும். வந்தால், பதினேழாவது ஷரத்தை மறுபடி ஒருமுறை மாற்றி எழுத அவனுக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.